ஒரே தாய்ச்செடி, மூன்று இடங்கள்: இரவு ராணி ஏன் பூக்கவில்லை?

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் நாங்கள் பராமரிக்கும் சமூகத் தோட்டத்தின் பின்மூலையில் ஓர் இரவு ராணிப் புதர் இருக்கிறது. ஆண்டில் பலமுறை கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூக்கிற வாரத்தில் இரவு எட்டரைக்கு மேல் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வரை மணம் போய்விடும். அதிலிருந்து வெட்டிய குச்சிகளை இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தோம். ஒன்று சிலேத்தார் பக்கம் ஒரு முனைத் தரைவீடு. மற்றொன்று எங்கள் பேட்டையிலேயே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் நான்காம் மாடி.

இரண்டும் வேர் பிடித்தன, நன்றாகத் தழைத்தன. தரைவீட்டுச் செடி ஆள் உயரத்தைத் தாண்டியது. ஆனால் ஒன்றரை ஆண்டு ஆகியும் இரண்டு வீட்டிலும் ஒரு மொட்டுகூட இல்லை. தாய்ச்செடியோ அதே காலத்தில் பூத்துக்கொண்டேதான் இருந்தது. குச்சியிலிருந்து வளர்ந்தவை என்பதால் மூன்றும் மரபில் ஒன்றே. விதைச்செடிகளாக இருந்திருந்தால் "ரகம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இங்கே அந்த வழி கிடையாது. வேறுபாடு இடத்தில்தான் இருந்தாக வேண்டும். இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைப்பதற்கு அதுவே காரணம். பூக்காத இரவு ராணிக்கு நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை "உரம் போடு, வெயிலில் வை" என்பதே. சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: செடி நிற்கும் இடம் இரவில் இருட்டாக இருக்கிறதா?

செடியைப் பற்றி

நள்ளிரவில் பெரிய வெள்ளைப் பூவாக விரியும் பிரம்ம கமலத்தையும் சிலர் இரவு ராணி என்பார்கள். அது கள்ளிக் குடும்பம். நான் சொல்வது செஸ்ட்ரம் நாக்டர்னம். கத்தரி, தக்காளி, மிளகாய் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த புதர். மத்திய அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும் இதன் தாயகம். லின்னேயஸ் 1753இல் இதற்கு இந்த அறிவியல் பெயரைச் சூட்டினார். வளைந்து தொங்கும் நீண்ட கிளைகள், பளபளப்பான ஈட்டி இலைகள், இலைக்கக்கத்திலும் கிளை நுனியிலும் பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் மெல்லிய குழல் பூக்கள். பகலில் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இருட்டிய பிறகு குழலின் நுனி ஐந்து சிறு இதழ்களாக விரிந்து மணம் கிளம்பும். விடிவதற்குள் மூடிக்கொள்ளும். மறுநாள் இரவு அதே பூ மீண்டும் திறக்கும். இந்த மணம் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு.

பூ திறப்பதும் மணப்பதும் செடிக்குள் ஓடும் ஒரு கடிகாரத்தின்படி நடக்கின்றன. 1960இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெளிச்சத்தில் மாற்றமே இல்லாத அறையில் வைத்தபோதும் இரவு ராணிப் பூக்கள் தம் தாளத்தை விடாமல் திறந்து மூடியதைக் காட்டியது. எனக்கு இது இன்னமும் வியப்புத்தான். ஆனால் மலர்ந்த பூ எப்போது திறக்கிறது என்பது ஒரு கேள்வி, செடி மொட்டு வைக்க எப்போது முடிவெடுக்கிறது என்பது வேறொரு கேள்வி. நம் நிகழ்வு இரண்டாவதைப் பற்றியது.

முதலில் பார்த்தவை

தரைவீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டபோது அவரிடம் விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. "உரம் பத்தலை தம்பி, அதான். எது போடணும்னு சொல்லுங்க" என்றார். செடியைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருந்தது. இலைகள் கரும்பச்சை, துளிர்கள் நீளம் நீளமாக, கணுக்களுக்கு இடையே இடைவெளி அதிகம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிப்போனதன் அடையாளங்கள். இலைக்காய்கறிக்கு வாங்கிய உரத்தையே இதற்கும் ஊற்றி வந்திருக்கிறார். அதை நிறுத்தச் சொன்னேன். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய உரத்தைக் குறைந்த அளவில், மாதம் ஒருமுறை மட்டும். சில மாதங்கள் போயின. தழை அடங்கியது, செடி கட்டுக்கோப்பாக ஆனது. பூ இல்லை.

அடுத்து கவாத்து. இரவு ராணி புதுக்கிளையில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடியில் பழைய கிளைகள் மொட்டையாக நீண்டு நுனியில் மட்டும் இலை நிற்கும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தோம். சிங்கப்பூர்ச் சூட்டுக்கும் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டரைத் தாண்டும் மழைக்கும் துளிர் வரத் தாமதமே இல்லை. எல்லாப் பக்கமும் இளங்கிளைகள் வந்தன. அவற்றிலும் பூ இல்லை.

வெயில் போதுமானதாக இருந்தது. கிழக்குப் பார்த்த முன்புறம், காலை முழுவதும் நேர் வெயில். தாய்ச்செடிக்குக் கிடைப்பதைவிட இது கூடுதல். தண்ணீரும் குறையில்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது கொட்டிய களிமண்தான் அடியில் இருந்தது. ஆனால் நடும்போதே குழியை அகலமாக எடுத்து, சுட்ட மண்ணும் மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்திருந்ததால் வடிகால் நன்றாகவே இருந்தது. இலையடியில் வெள்ளை ஈ கொஞ்சம் இருந்தது. கத்தரிக் குடும்பத்தை வளர்ப்பவர்களுக்கு அது பழகிய தொல்லை, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அடங்கிவிடும். பூவைத் தடுக்கும் அளவுக்கு இல்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி, நடுவில் காத்திருந்தது பிறகு மிகவும் உதவியது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றியிருந்தால் எது பலன் கொடுத்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தூணின் நிழல்

துப்பு கொடுத்தது செடியேதான். ஒருநாள் அக்கா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். புதரின் ஒரு கிளையில், அந்த ஒன்றில் மட்டும், மொட்டுக் கொத்துகள். "உங்க கவாத்து வேலை செஞ்சிருச்சு தம்பி!" என்று எழுதியிருந்தார். அவர் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் கவாத்து எல்லாப் பக்கமும் செய்தது. ஒரு கிளை மட்டும் ஏன்?

பகலில் போய்ப் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. இரவு உணவுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள், இருந்தேன். ஏழு மணி தாண்டியதும் கார் நிறுத்தும் கூரையடியில் இருந்த விளக்கு தானாக எரிந்தது. இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் வகை. வெள்ளை எல்இடி. எதிர்ப்புறம் தெருவிளக்கு. இரண்டு விளக்கின் ஒளியும் புதரின் மேல் நன்றாக விழுந்தது. மொட்டு வைத்த அந்தக் கிளை மட்டும் கூரைத் தூணுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரண்டு விளக்குக்கும் மறைவாக நின்றது. தூணின் நிழல் விழுந்த எல்லையோடு மொட்டும் நின்றுபோயிருந்தது.

தாய்ச்செடி நிற்கும் மூலைக்கு இரவில் போனால் கைவிளக்கு இல்லாமல் பாதை தெரியாது. வீவக நடைபாதையிலோ விளக்குகள் மாலையிலிருந்து காலை வரை எரிகின்றன. மூன்று செடிகளையும் பிரித்த கோடு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்று இரவே தோன்றியது.

1956இன் ஆய்வு சொல்வது

பல செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கின்றன. சரியாகச் சொன்னால் அவை அளப்பது இரவின் நீளத்தை, இடையில் வெளிச்சம் குறுக்கிடாத இருட்டை. இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து இந்தக் கணக்கை நடத்துகிறது. வெள்ளை விளக்கின் ஒளியிலும் சிவப்பு கலந்தே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் வரும் சிவப்புப் பாயின்செட்டியாவை வளர்ப்பவர்கள், தெருவிளக்கு வெளிச்சம் படாதபடி மாலையில் கறுப்புத் துணியால் மூடுவது இதற்காகவே.

இரவு ராணி இந்தக் கூட்டத்தில் ஓர் அரிய வகை. தாவர உடலியலாளர் சாக்ஸ் 1956இல் வெளியிட்ட ஆய்வில், இது நெடும்பகலுக்குப் பின் குறும்பகல் கேட்கும் செடி என்று காட்டினார். முதலில் நீண்ட பகல்கள், அதைத் தொடர்ந்து குறுகிய பகல்கள். இந்த வரிசையில் இரண்டும் கிடைத்தால் மொட்டு வைக்கும். கோடை முடிந்து பகல் சுருங்கத் தொடங்கும் நாடுகளில் இது இயற்கையாக நடக்கும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வேறுபாடு சுமார் 9 நிமிடம்தான். பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டிய இந்தப் பகலிலும் இரவு ராணி பூக்கிறது என்பதற்கு எங்கள் தாய்ச்செடியே சான்று. அதாவது நம் பகல் அதற்கு எல்லைக்கோட்டில் அமைந்த பகல். எல்லையில் நிற்பதைத் தள்ளப் பெரிய விசை தேவையில்லை. இரவு முழுதும் எரியும் விளக்கின் கீழே இருக்கும் செடிக்கு ஆண்டு முழுவதும் நெடும்பகல். அது கேட்பதில் முதல் பாதி தாராளமாகக் கிடைத்துவிட்டது. இரண்டாம் பாதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. தழைத்து வளர்ந்தும் பூக்காத அந்தத் தோற்றம் இந்த விளக்கத்தோடு முழுமையாகப் பொருந்தியது.

துணி மூடிய கிளை

பொருந்துகிறது என்பதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. தெருப்பக்கம் இருந்த ஒரு நல்ல கிளையைத் தேர்ந்தெடுத்து, தடித்த கறுப்புத் துணியில் தைத்த உறையை மாலை ஏழரைக்குப் போட்டு, காலை ஏழுக்கு எடுக்கச் சொன்னோம். பகலில் உறை இருக்கக் கூடாது, உள்ளே வெந்துவிடும். அக்காவின் கணவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் ஒரு மாலைகூடத் தவறவில்லை. மழை பெய்த இரவுகளில் குடையோடு போய்ப் போட்டிருக்கிறார். இந்த ஆய்வில் நான் நன்றி சொல்ல வேண்டியது அவருக்குத்தான்.

ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனபோது உறை போட்ட கிளையின் நுனிகளில் மொட்டுக் கொத்துகள் வந்தன. பக்கத்தில், அதே உயரத்தில், அதே வெயிலில் இருந்த மூடாத கிளைகளில் ஒன்றும் இல்லை.

அதன்பின் விளக்கை மாற்றுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. விடிய விடிய எரியும் விளக்கை எடுத்துவிட்டு, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரிந்து சில நிமிடத்தில் அணையும் விளக்கைப் பொருத்தினார்கள். முகத்தைத் தரைநோக்கித் திருப்பி மேலே சிறு மறைப்பும் வைத்தார்கள். பாதுகாப்புக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. எப்போதும் எரிகிற விளக்கை யாரும் கவனிப்பதில்லை, திடீரென்று எரிந்தால் அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் புதரின் வீட்டுப்பக்கம் முழுவதும் பூத்தது. தெருப்பக்கம் இன்றும் மந்தமாகவே இருக்கிறது. தெருவிளக்கு பொதுச்சொத்து, எல்லாருக்கும் தேவையானது. அதை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

மணம் வந்த பிறகு

இரவு ராணியைப் பூக்க வைத்தால் அடுத்த பிரச்சினை மணம். அந்தப் புதர் அக்காவின் தாயார் படுக்கும் அறையின் சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தது. முதல் பெரிய பூப்பில் மூன்றாம் இரவே பாட்டிக்குத் தலைவலி. இதை யாரும் "வயசான காலத்து வீண் புகார்" என்று ஒதுக்கக் கூடாது. இந்தப் பூவின் அடர்ந்த மணம் சிலருக்குத் தலைவலியையும் குமட்டலையும் மூச்சு எரிச்சலையும் தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறைப் பக்கம் இதை நடவே கூடாது.

பாட்டிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. "ராத்திரி மணக்குற செடிக்குப் பாம்பு வரும்பா. எங்க ஊர்ல தாழம்பூப் புதர்கிட்ட நாங்க போகவே மாட்டோம்." பூவின் மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை, அது தேடுவது இரையை. ஆனால் அடியில் அடர்ந்து கிடக்கும் புதரில் எலியும் தவளையும் தங்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரக்கூடும். சிங்கப்பூரின் வடிகால்களில் மலைப்பாம்பு பிடிபடுவது புதுச் செய்தியும் அல்ல. ஆகவே பாட்டியின் எச்சரிக்கையிலிருந்து செயலுக்கு உரியதை எடுத்துக்கொண்டோம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பக்கக்கிளைகளை நீக்கி, அடியை வெளிச்சமாகவும் சுத்தமாகவும் வைத்தோம்.

தலைவலிக்குத் தீர்வு இடமாற்றம்தான். பெரிய புதரைப் பெயர்ப்பதைவிட அதிலிருந்து புதுக்குச்சி எடுப்பது சுலபம். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், அரைமுற்றிய கிளை, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்கலவையில் நிழலில் வைத்தால் ஒரு மாதத்தில் வேர் விட்டுவிடும். வீட்டின் பின்புறம், தெருவிளக்கு எட்டாத மதில் ஓரத்தில், சமையலறைக்கும் அப்பால் புதுச்செடியை நட்டார்கள். முன்புறப் புதரை இடுப்பு உயரத்துக்குக் குறைத்துவிட்டார்கள்.

காய்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பூவுக்குப் பின் வரும் சிறு வெள்ளைக் காய்கள் குழந்தைகள் கண்ணுக்கு முத்துப்போலத் தெரியும், அதுதான் ஆபத்து. பேரப்பிள்ளைகள் வரும் வீடு அது. ஒவ்வொரு பூப்பும் முடிந்த உடனே கொத்துகளோடு சேர்த்து நுனிகளைக் கவாத்து செய்வது இதற்கும் உதவுகிறது, அடுத்த பூப்புக்கான துளிருக்கும் உதவுகிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடும். ஹவாயிலும் நியூசிலாந்திலும் இது காடுகளுக்குள் பரவித் தொல்லையான செடியாகிவிட்டது. மத்திய நீர்ப்பிடிப்புக் காடுகளுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் காயை நிற்கவிடவே கூடாது. வெட்டியதையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட வேண்டும், வடிகால் ஓரத்தில் வீசக் கூடாது.

நான்காம் மாடித் தொட்டி

நடைபாதை விளக்கை அணைக்க முடியாது. அது அங்கே குடியிருக்கும் எல்லாருக்குமான விளக்கு. அந்த வீட்டுத் தங்கை செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார். மல்லிகைத் தொட்டி ஒன்று அதே நடைபாதையில், அதே விளக்கடியில், வெயில் கிடைத்ததும் பூத்துக்கொண்டிருந்ததால் அவர் முடிவில் தவறு சொல்ல முடியாது. வெளிச்சம் அணையாத நடைபாதைக்கு மல்லிகை ஏற்ற செடி.

ஆனால் சாக்ஸின் ஆய்வை மீண்டும் யோசித்தபோது வேறொன்று தோன்றியது. அந்தத் தொட்டிச் செடி மாதக்கணக்கில் நெடும்பகலில் நின்றிருக்கிறது. அதற்கு வேண்டிய குறும்பகலைத் தோட்டத்தில் கொடுத்தால் என்ன? தாய்ச்செடியின் அருகில், அந்த இருட்டு மூலையில் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். அடியில் தட்டு வைக்கவில்லை. டெங்கிக் கொசு முட்டையிட ஒரு கரண்டித் தண்ணீர் போதும். செங்கல் இரண்டின் மேல் தூக்கி வைத்தால் நீர் தானே வடிந்துவிடும்.

ஏறக்குறைய மூன்று வாரம் அங்கே இருந்தது. அதன்பின் சில நாளில் நுனிகளில் பச்சை ஊசிபோல மொட்டுகள் தெரிய ஆரம்பித்தன, ஏறத்தாழ எல்லா நுனியிலும் ஒரே நேரத்தில். தாய்ச்செடிகூட இவ்வளவு ஒழுங்காகப் பூப்பதில்லை. அது கிளைக்கொரு காலமாகப் பூக்கும். மொட்டு திரண்டதும் தொட்டியை மின்தூக்கியில் ஏற்றி நான்காம் மாடிக்கே கொண்டுபோனோம். மொட்டு வைப்பதென்று செடி முடிவெடுத்த பிறகு நடைபாதை விளக்கு அதைத் தடுக்கவில்லை. இரவில் திறந்தது, மணந்தது. நான்கு வீடுகளுக்கும் தெரிந்தது. மூலை வீட்டு மலாய்க்கார மக்சிக்கு (மூத்த பெண்ணை மலாயில் அழைப்பது அப்படி) மணம் பிடித்துப்போய் அவரும் ஒரு குச்சி கேட்டிருக்கிறார்.

இப்போது அந்தத் தொட்டி இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போகிறது. பூ முடிந்ததும் நுனிக் கவாத்து, இலை நிறைய வரும்வரை இரண்டு மூன்று மாதம் நடைபாதையில், பிறகு மூன்று வாரம் தோட்டத்தின் இருட்டு மூலையில், மொட்டோடு மறுபடி வீட்டுக்கு. இதுவரை ஒவ்வொரு சுற்றிலும் பூத்திருக்கிறது. தூக்கிச் செல்ல வசதியாகப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, சக்கரப் பலகையில் வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அதனால் தொட்டி சுவரை ஒட்டியே நிற்கிறது, கிளைகள் வெளியே நீண்டால் வெட்டிவிடுகிறார்கள்.

சமூகத் தோட்டம் பக்கத்தில் இல்லாதவர்கள் விளக்கு எட்டாத துணி உலர்த்தும் இடத்தையோ, இரவில் யாரும் விளக்குப் போடாத சாமான் அறையையோ மாலை ஏழரை முதல் காலை ஏழு வரை பயன்படுத்தலாம். பகலில் தொட்டி வெயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். நாள் தவறாமல் மூன்று வாரம் செய்ய வேண்டும். நடுவில் ஒரு இரவு யாராவது உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டால் அந்த இரவைக் கணக்கில் சேர்க்காமல், முடிவில் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் தழைச்சத்து உரம் வேண்டாம். புதிதாகச் செடி நட இடம் தேடுபவர்கள் நடுவதற்கு முன் இரவு பதினொரு மணிக்கு அந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். உங்கள் நிழல் தரையில் விழுந்தால் அங்கே நடாதீர்கள், வேறு இடம் பாருங்கள்.